பறக்கத் தயங்கிய நாயகன்

வாசிக்கும் முன்

உங்களுக்குப் பிடித்த கதை எது? அது ஏன் பிடிக்கும் என்று நண்பர் கேட்டால், ‘நன்றாக இருக்கிறது’ என்பதற்கு மேல் என்ன சொல்வீர்கள்? பின்வருவது, சித்திரக்கதைக் குறுந்தொடர் ஒன்றைப் பற்றி ஓர் இரசிகர் எழுதிய கருத்துக் கட்டுரை. அவர் கூறும் தகவல்கள் எவை, கருத்துகள் எவை, ஒவ்வொரு கருத்துக்கும் அவர் காட்டும் சான்று யாது என்பதைக் கவனித்து வாசியுங்கள்.

வாசிப்புப் பகுதி

சூப்பர்மேன் கதைகள் சலிப்பூட்டுகின்றன என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. குண்டு பட்டாலும் அவனுக்குக் காயமில்லை. ஓடும் இரயிலை அவன் ஒற்றைக் கையால் நிறுத்திவிடுவான். இப்படிப்பட்டவனுக்கு என்ன கவலை இருக்க முடியும்? தோல்வியே காணாத நாயகனின் கதையில் சுவை எங்கிருந்து வரும்?

இக்கேள்விக்கு எனக்குக் கிடைத்த சிறந்த பதில், ‘சூப்பர்மேன் ஸ்மேஷஸ் த கிளான்’ என்னும் குறுந்தொடர். ‘கிளான் கூட்டத்தை நொறுக்கும் சூப்பர்மேன்’ என்று அத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அமெரிக்காவின் டிசி நிறுவனம் இதனை 2019ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 2020ஆம் ஆண்டு பிப்ரவரி வரை மூன்று இதழ்களாக வெளியிட்டது. கதையை எழுதியவர் ஜீன் லுவென் யாங். படங்களை வரைந்தவர்கள், ‘குரிஹிரு’ என்னும் பெயரில் இணைந்து பணியாற்றும் இரண்டு ஜப்பானியப் பெண் ஓவியர்கள். சித்திரக்கதைத் துறையின் உயரிய விருதாகக் கருதப்படும் ஐஸ்னர் விருதுகளில் இரண்டினை இப்படைப்பு 2021ஆம் ஆண்டு பெற்றது.

வானொலியில் பிறந்த கதை

இக்கதையின் வேர் ஒரு வானொலி நாடகத்தில் இருக்கிறது. 1946ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர் முடிந்து ஓராண்டுகூட நிறைவடையாத வேளை. தொலைக்காட்சி வீடுதோறும் வராத காலம் அது. அமெரிக்கச் சிறுவர்கள் வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து சூப்பர்மேனின் சாகசங்களைக் கேட்டு மகிழ்ந்தனர். அவ்வாண்டு ஜூன் மாதம், 16 பகுதிகளைக் கொண்ட புதிய கதையொன்று ஒலியேறத் தொடங்கியது. அதில் சூப்பர்மேன் எதிர்கொண்டது வேற்றுக் கோள் அரக்கனை அன்று. முகமூடி அணிந்த சொந்த நாட்டு மனிதர்களை.

கூ கிளக்ஸ் கிளான் என்னும் கூட்டம் உண்மையிலேயே அந்நாட்டில் இயங்கி வந்தது. உள்நாட்டுப் போர் முடிந்த 1865ஆம் ஆண்டில் தோன்றிய அக்கூட்டத்தினர், வெள்ளை அங்கியும் முகமூடியும் அணிந்து கறுப்பின மக்களைத் தாக்கினர். பின்னாளில் யூதர்கள், கத்தோலிக்கர்கள், குடியேறிகள் ஆகியோரையும் அவர்கள் பகைத்தனர். வானொலி நாடகம் இக்கூட்டத்தின் பெயரைச் சற்றே மாற்றி, அதன் பொய்மையை வெளிப்படுத்தியது. கூட்டத்தின் தலைவனுக்குத் தன் கொள்கையில் நம்பிக்கையே இல்லை. பிறரின் வெறுப்பைத் தூண்டிப் பணம் சேர்ப்பதே அவன் நோக்கம் என்பதை அந்நாடகம் காட்டியது. சிறுவர் நிகழ்ச்சி ஒன்று இத்தகைய துணிவைக் காட்டியது வியப்புக்குரியது.

கதைச் சுருக்கம்

எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர், யாங் அதே கதையைப் புதிய கோணத்தில் சொல்கிறார். காலம் 1946. லீ என்னும் சீனக் குடும்பம், சைனாடவுனிலிருந்து மெட்ரோபொலிஸ் நகரத்தின் வேறொரு வட்டாரத்திற்கு வீடு மாறி வருகிறது. தந்தைக்குச் சுகாதாரத் துறையில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. மகன் டாமி, அவன் தங்கை ரோபர்ட்டா. இவளுடைய சீனப் பெயர் லான்-ஷின்.

டாமி பேஸ்பால் விளையாட்டில் வல்லவன். அவன் குழுவில் சேர்ந்ததும், அதுவரை பந்து வீசி வந்த சக் என்னும் சிறுவன் தன் இடத்தை இழக்கிறான். சக்கின் சினம் அவனுடைய சிற்றப்பனின் காதுக்கு எட்டுகிறது. அந்தச் சிற்றப்பனோ கிளான் கூட்டத்தில் முக்கியப் புள்ளி. ஓர் இரவு, லீ குடும்பத்தினரின் வீட்டு வாசலில் ஒரு சிலுவை எரிகிறது. ‘நீங்கள் இங்கு வாழக்கூடாது’ என்பதற்கு அக்கூட்டம் பயன்படுத்திய மிரட்டல் அடையாளம் அது. இதற்குப் பின் நடப்பதை நீங்களே வாசித்து அறிவதுதான் முறை. இத்தொடர் என்னைக் கவர்ந்ததற்கான காரணங்களை மட்டும் இங்கே கூறுகிறேன்.

நாயகனின் அச்சம்

முதற் காரணம், சூப்பர்மேனின் போராட்டம் அவனுக்குள்ளேயே நடக்கிறது. இத்தொடரின் தொடக்கத்தில் அவன் பறப்பதில்லை, ஓடுகிறான், தாவுகிறான். இது ஆசிரியரின் வெறும் கற்பனையன்று. 1938ஆம் ஆண்டு வெளிவந்த முதற்கதையிலும் சூப்பர்மேன் பறக்கவில்லை. ஏறத்தாழ 200 மீட்டர் தூரம் தாவக்கூடியவனாகவே இருந்தான். பறக்கும் ஆற்றல் பின்னர்தான் அவனுக்குச் சேர்ந்தது.

யாங் இந்தப் பழைய செய்தியை எடுத்து, அதற்கு ஒரு காரணம் கற்பிக்கிறார். சிறுவயதில் கிளார்க் கெண்ட்டின் விந்தையான ஆற்றல்கள் பிறரை அஞ்ச வைத்தன. தான் வேறானவன் என்று தெரிந்தால் ஊர் தன்னை ஒதுக்கிவிடும் என அவன் அஞ்சினான். அதனால் மனிதர்கள் பொறுத்துக்கொள்ளும் அளவுக்குத் தன் ஆற்றலைச் சுருக்கிக்கொண்டான். பறக்க முடியாதவன் அல்லன் அவன், பறக்கத் துணியாதவன். குண்டுக்கு அஞ்சாதவன் அண்டை வீட்டாரின் பார்வைக்கு அஞ்சுகிறான் என்பதைப் படித்தபோது, சூப்பர்மேன் முதன்முறையாக என்னைப் போன்ற ஒருவனாகத் தெரிந்தான்.

அவனுடைய தயக்கத்தைப் புரிந்துகொள்பவள் ரோபர்ட்டா. அவளுக்கும் இரண்டு பெயர்கள். அவனுக்கும் பூமியில் ஒரு பெயர், பிறந்த கோளில் ஒரு பெயர். உலகிலேயே வலிமை மிக்கவனுக்குத் துணிவூட்டுபவள் ஒரு பள்ளிச் சிறுமி என்பது இக்கதையின் மிக அழகான அமைப்பு என்பேன்.

ஒரே அச்சம், பல முகங்கள்

இரண்டாம் காரணம், லீ குடும்பம் படைக்கப்பட்ட விதம். வீட்டில் ஆங்கிலமே பேச வேண்டும் என்று தந்தை வற்புறுத்துகிறார். தாய்க்கோ கான்டனீஸ் மொழிதான் நாவில் இயல்பாக வருகிறது. டாமி தன் இனத்தைப் பற்றித் தானே கேலி பேசி, புதிய நண்பர்களைச் சிரிக்க வைக்கிறான். ரோபர்ட்டாவுக்கு அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள மனம் வரவில்லை.

தந்தையை நாம் எளிதில் குறை கூறிவிடலாம். ஆனால், அவர் தாய்மொழியை வெறுப்பவர் அல்லர். பிள்ளைகளை ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற தவிப்பே அவரை அவ்வாறு பேச வைக்கிறது. மகனின் கேலிப் பேச்சும் அதே தவிப்பிலிருந்து பிறந்ததுதான். ஆசிரியர் இவர்களுள் எவரையும் கண்டிக்கவில்லை. ‘ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும் என்பதற்காக நாம் எதை விட்டுக்கொடுக்கலாம்?’ என்ற கேள்வியை மட்டும் நம்மிடம் விட்டுவிடுகிறார். வீட்டில் ஒரு மொழியும் வெளியில் வேறொரு மொழியும் பேசி வளரும் நமக்கு இக்கேள்வி புதிதன்று.

வெறுப்பு கற்பிக்கப்படுகிறது

மூன்றாம் காரணம், சக். இவன் பிறவியிலேயே கெட்டவன் அல்லன். விளையாட்டுக் குழுவில் இடத்தை இழந்த ஏமாற்றம் அவனுக்கு. அந்த வயதில் யாருக்கும் வரக்கூடிய ஏமாற்றம்தான் அது. ஆனால், ‘உன் இடத்தைப் பறித்தவன் அந்நியன்’ என்று ஒரு பெரியவர் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, ஏமாற்றம் வெறுப்பாக மாறுகிறது. வெறுப்பு எவ்வாறு ஒருவர் மனத்தில் குடியேறுகிறது என்பதை இவ்வளவு எளிமையாகக் காட்டிய கதையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

குரிஹிருவின் ஓவியங்களையும் பாராட்டியே ஆக வேண்டும். தெளிவான கோடுகள், வட்ட முகங்கள், பளிச்சிடும் வண்ணங்கள். இத்தகைய கனமான கதைக்கு இந்த ஓவியப் பாணி பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். பொருந்தும் என்பதே என் கருத்து. குழந்தைகள் விளையாடும் அழகான தெருவாக நாம் பார்த்துப் பழகிய இடத்தில் சிலுவை எரிவதால்தான், அக்காட்சியின் கொடுமை நம்மைத் தாக்குகிறது.

குறையும் உண்டு

பிடித்த படைப்பு என்பதற்காகக் குறையை மறைப்பது நடுநிலையாகாது. சக்கின் மனமாற்றம் சற்று விரைவாக நிகழ்ந்துவிடுகிறது. பல நாள் ஊட்டப்பட்ட நஞ்சு அவ்வளவு எளிதில் இறங்குமா என்ற ஐயம் எனக்கு உண்டு. லீ குடும்பத்துத் தாய்க்குப் போதிய இடமில்லை என்பது இன்னொரு குறை. அவ்வீட்டில் தாய்மொழியைக் காத்து நிற்பவர் அவர்தாம். அவருடைய மனத்தையும் ஆசிரியர் திறந்து காட்டியிருக்கலாம்.

தலைப்பும் ஓரளவு நம்மைத் திசைதிருப்புகிறது. அங்கியும் முகமூடியும் அணிந்தவரை நொறுக்கிவிடலாம். முகமூடி அணியாமல் அன்றாடப் பேச்சில் பிறரை ஒதுக்குபவரை எந்த நாயகனாலும் நொறுக்க முடியாது. நல்லவேளையாக, கதை தலைப்பைவிட ஆழமானது.

நிறைவாக

சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். இத்தொடரை எழுதிய யாங்கின் பெற்றோரும் ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள். சூப்பர்மேனும் அழிந்துபோன கோளிலிருந்து வந்து சேர்ந்த குடியேறிதான். முதற்கதையிலேயே இருந்தும் பலரும் எண்ணிப் பார்க்காத இவ்வுண்மையை இத்தொடர் நம் கண்முன் நிறுத்துகிறது. தான் யார் என்பதை மறைப்பதை நிறுத்திய பின்னரே சூப்பர்மேனால் பறக்க முடிகிறது. சண்டைக் காட்சிகளுக்காக இத்தொடரைக் கையில் எடுப்பவர்களும், அந்தப் பக்கத்திற்கு வந்ததும் சற்று நின்று யோசிப்பார்கள் என்று நம்புகிறேன்.

சொற்பொருள்

குறுந்தொடர் – சில இதழ்களிலேயே நிறைவுபெறும் தொடர்கதை
அங்கி – உடலை மூடும் நீண்ட மேலாடை
குடியேறி – வேற்றிடத்திலிருந்து வந்து நிலையாகத் தங்கியவர்
நடுநிலை – ஒரு பக்கம் சாயாத தன்மை

கருத்துணர் வினாக்கள்

1. கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தின் தலைவனைப் பற்றி வானொலி நாடகம் வெளிப்படுத்திய உண்மை யாது?
2. ‘பறக்க முடியாதவன் அல்லன் அவன், பறக்கத் துணியாதவன்.’ இக்கூற்றை உமது சொந்த நடையில் விளக்குக.
3. தந்தை, டாமி ஆகிய இருவரின் செயல்களுக்கும் அடிப்படையான காரணம் ஒன்றே என்கிறார் கட்டுரையாளர். இதற்கு அவர் தரும் சான்றுகளை எழுதுக.
4. கட்டுரையிலிருந்து இரண்டு தகவல்களையும் இரண்டு கருத்துகளையும் எடுத்து எழுதுக. அவை எவ்வாறு வேறுபடுகின்றன?
5. கட்டுரையாளர் குறைகளையும் கூறியிருப்பது அவருடைய பாராட்டுக்கு வலுச்சேர்க்கிறதா, குறைக்கிறதா? உமது கருத்தைக் காரணத்துடன் கூறுக.

கலந்துரையாடல்

புதிய பள்ளிக்கு மாறிச் சென்ற மாணவர் ஒருவர், நண்பர்கள் கேலி செய்வார்களோ என்று அஞ்சி, தம் வீட்டு மொழியைப் பொது இடத்தில் பேசத் தயங்குகிறார். நீங்கள் அவருடைய வகுப்புத் தோழராக இருந்தால் என்ன செய்வீர்கள்? குழுவில் கலந்துரையாடுக.