குட்டி போடும் மீன்: குஞ்சைக் காப்பாற்றுவது எப்படி?



சென்னை கொளத்தூரில் பல குடும்பங்களுக்கு வண்ணமீன் வளர்ப்புதான் பிழைப்பு. அதைப் பார்த்துத்தான் நம் பெருநகரிலும் குழுக்கடன் வாங்கி, சிமெண்ட் தொட்டியில் கப்பி மீன் விட்டோம். முதல் ஈத்தில் ஒரு குஞ்சுகூட தேறவில்லை. கடன் தவணை மட்டும் தவறாமல் வந்தது! தவளை தின்றிருக்கும் என்று வலை கட்டினோம். தின்றது தாய் மீனேதான்.

கப்பி, மோலி எல்லாம் முட்டையிடாது. சுமார் நான்கு வாரம் வயிற்றில் சுமந்து, நீந்துகிற குஞ்சாகவே போடும். வாய்க்கு அடங்கினால் தன் குஞ்சும் அதுக்கு இரைதான். கப்பியின் வயிறு பெட்டி மாதிரி புடைத்து, பின்பக்கக் கரும்புள்ளி பெரிசானால் நாள் நெருங்கிடுச்சு என்று அர்த்தம். உடனே தனித்தொட்டிக்கு மாற்றி, கழுவிய பாசிக்கொடியை நிறையப் போடுங்கள். குஞ்சுகள் அதில் ஒளிந்துகொள்ளும். போட்டு முடித்ததும் தாயை எடுத்துவிடுங்கள்.

ஒரு ஆணுக்கு மூன்று பெண் விடலாம். ஆண் அதிகமானால் துரத்தித் துரத்தியே பெண் மீன் ஓய்ந்துபோகும். ஒருமுறை சேர்ந்த பெண், ஆண் இல்லாமலே மாதக்கணக்கில் பலமுறை குட்டி போடும்; விந்தை உள்ளேயே சேமித்து வைத்திருக்கும். அதனால் நிறம் கலக்காமல் இருக்க, குஞ்சுகளைச் சின்னதிலேயே பிரிக்கணும். வயிற்றுக்குக் கீழே துடுப்பு குச்சி போல நீண்டால் ஆண்.

மிஞ்சிய மீனை ஏரியில் விடாதீர்கள். நாட்டு மீன்களின் முட்டையைத் தின்றுவிடும்.