வேலிக்கு அப்பாலும் காவல் வேண்டும்

காட்டைச் சுற்றி எல்லைக் கற்களை நட்டு, வேட்டையைத் தடுத்துவிட்டால் அது காக்கப்பட்டுவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது போதாது என்பதற்கு அஸ்ஸாமில் 2020-ஆம் ஆண்டு நேர்ந்த விபத்தே சான்றாகும்.

அம்மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், பிரம்மபுத்திரா நதியையொட்டி அமைந்தது டிப்ரு-சைகோவா தேசியப் பூங்கா. 340 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இது, 1999-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சதுப்பு நிலக் காடு, புல்வெளி, கட்டற்றுத் திரியும் குதிரைகள், நதியில் டால்பின்கள், அருகிலுள்ள மாகுரி ஏரிக்கு வரும் வலசைப் பறவைகள் ஆகியன இதன் செல்வங்கள்.

பூமியின் ஆழத்தில் எரிவாயு பேரழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. துளைக்குள் நிரப்பப்படும் கனத்த சேற்றுக் குழம்பும், கிணற்றின் வாயிலுள்ள தடுப்புக் கருவியும் அதனை அடக்கி வைக்கின்றன. இக்காவல் தவறினால் வாயு பீறிட்டெழும். பூங்காவின் எல்லைக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில், பாக்ஜான் என்னும் ஊரிலிருந்த கிணற்றில் மே 27 அன்று இதுவே நிகழ்ந்தது. ஜூன் 9-இல் தீப்பற்றியது. தீயணைப்பு வீரர் இருவர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேறினர். ஏரி நீரில் எண்ணெய் படர்ந்தது, மீன்கள் மடிந்தன. நவம்பர் 15-இல்தான் தீ முற்றிலும் அணைந்தது.

கிணறு பூங்காவுக்கு வெளியேதான் இருந்தது. ஆனால், நீரும் காற்றும் எல்லைக் கல்லை அறியுமா? எண்ணெய் நமக்குத் தேவையே. ஆயினும், துளையிடும் முன்பே வெள்ளம் எங்கே செல்லும், காற்று எத்திசையில் வீசும், ஊரார் என்ன சொல்கின்றனர் என்பவற்றை ஆராய்தல் வேண்டும். பூங்காவின் நீரோடு தொடர்புடைய நிலங்களையும் காப்பு வளையத்துள் சேர்த்தல் வேண்டும். எரிந்த கிணற்றை மாதங்களில் மூடலாம்; கெட்ட ஏரி தேறுவதற்கோ ஆண்டுகள் பல ஆகும்.