பிள்ளைகளின் தலைப்பேன்: வெட்கம் வேண்டாம், பொறுமை வேண்டும்

 

பள்ளிக்கூடத்துக்கும் மதரஸாவுக்கும் போய்வரும் நம் பிள்ளைகளின் தலையில் பேன் காண்பது புதிய விஷயமன்று. ஆயினும் அதை வெளியில் சொல்ல வெட்கப்படுகிறோம். இந்த வெட்கம் செய்யும் தீங்கு, பேன் செய்யும் தீங்கைவிடப் பெரிது. சொல்லாமல் மறைப்பதால் அது ஒரு தலையிலிருந்து மறு தலைக்கு ஏறிக்கொண்டே இருக்கிறது. ஒரே நாளில் ஒழித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் சிலர் மண்ணெண்ணெயையும் பூச்சி மருந்தையும் தேடுகின்றனர். ஆகவே இதைப் பற்றிச் சிறிது விளங்கிக்கொள்வோம்.

மார்க்கம் காட்டும் முன்மாதிரி

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு (கி.பி. 628) ஹுதைபிய்யாவில் நடந்த சம்பவம் ஹதீஸ் நூல்களில் உள்ளது. கஅப் இப்னு உஜ்ரா (ரலி) அவர்கள் இஹ்ராமில் இருந்தபோது, தலையில் பேன் மிகுந்து முகத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது. அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், இது உமக்குத் துன்பம் தருகிறதா என்று விசாரித்தார்கள். இஹ்ராமில் முடி களைதல் கூடாதென்றிருந்தும், தலையை மழித்துக்கொள்ளச் சொன்னார்கள். பரிகாரமாக மூன்று நாள் நோன்பு, அல்லது ஆறு ஏழைகளுக்கு உணவு, அல்லது ஓர் ஆட்டைப் பலியிடல், இவற்றில் ஒன்றைச் செய்யச் சொன்னார்கள். இந்தச் சலுகை அல்பகரா அத்தியாயத்தின் 196ஆம் வசனத்தில் வந்துள்ளது.

இதில் நமக்குப் பாடம் யாது? தலையில் பேன் இருந்த தோழரை அண்ணலார் ஏசவுமில்லை, விலக்கி வைக்கவுமில்லை. துன்பத்தைக் கேட்டார்கள், நீங்க வழி சொன்னார்கள். நம் வீட்டுப் பெண் பிள்ளை தலையைச் சொறிந்தால் நாம் முதலில் செய்வது என்ன? ஏசுவதுதானே!

பேனின் தன்மை

பேன் எள்ளளவு பூச்சி. அதற்குச் சிறகில்லை, பறக்காது, குதிக்காது. தலையோடு தலை சேரும்போது முடி வழியே ஊர்ந்து ஏறும். பிள்ளைகள் ஒன்றாய்க் குனிந்து விளையாடுவதும், ஒரே பாயில் படுப்பதும் அதற்குப் போதும். சுத்தமான தலையிலும் அது குடியேறும். அழுக்கினால் பேன் பிறக்கிறது என்பதும், முக்காடு போடுவதால் உண்டாகிறது என்பதும் தவறு.

பெண் பேன் முடியின் அடியில் ஈரை ஒட்டவைக்கும். ஏறக்குறைய 7 முதல் 10 நாளில் ஈர் பொரியும். பொரிந்த குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட ஒரு வாரத்துக்கு மேலாகும். தலையை விட்டு விழுந்த பேன் இரண்டு நாளைக்கு மேல் பெரும்பாலும் உயிர் வாழாது. தலைப்பேன் நோய்களைப் பரப்புவதில்லை. ஆனால் சொறிந்து சொறிந்து புண் உண்டாகும், பிள்ளையின் தூக்கமும் கெடும்.

முதன்முறை பேன் வந்தவருக்கு அரிப்புத் தோன்ற நான்கு முதல் ஆறு வாரம்கூட ஆகலாம். ஆகவே சொறியாத பிள்ளையின் தலையையும் பாருங்கள். காதுக்குப் பின்னும் பிடரியிலும் நன்றாகப் பாருங்கள். பொடுகு விரலால் தட்டினால் உதிரும், ஈர் உதிராது.

நீக்கும் முறை

1. தலையைக் கழுவி, ஈரமாக இருக்கும்போதே கண்டிஷனரைத் தாராளமாகத் தடவுங்கள். வழவழப்பில் பேன் ஓட முடியாது, சீப்பும் சிக்காது.

2. முதலில் சாதாரணச் சீப்பால் சிக்கெடுங்கள். பிறகு நெருக்கமான பல்லுள்ள பேன் சீப்பால், முடியைச் சிறு சிறு பகுதியாகப் பிரித்து, அடியிலிருந்து நுனிவரை வாருங்கள். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள்.

3. முதல் நாள் வாரியதுபோலவே 5ஆம், 9ஆம், 13ஆம் நாட்களிலும் வாருங்கள். 17ஆம் நாள் மறுபடி சோதியுங்கள். இந்தக் கணக்கில் விஷயம் இருக்கிறது: இன்று தப்பிய ஈர் பொரிந்து, அந்தக் குஞ்சு முட்டையிடும் முன்பே சீப்பில் சிக்க வேண்டும். ஒரு நாள் வாரிவிட்டு விட்டோமானால் மீண்டும் முதலிலிருந்துதான்.

4. வீட்டிலுள்ள எல்லோருடைய தலையையும் ஒரே நாளில் பாருங்கள். பேன் உள்ளவர் அனைவருக்கும் அன்றே தொடங்குங்கள்.

5. கடைசி இரண்டு நாள் பயன்படுத்திய தலையணை உறை, முக்காடு, தெலெகோங், சொங்கோக் உறை ஆகியவற்றை வெந்நீரில் துவைத்தால் போதும். வீட்டையே புரட்டிப்போட வேண்டியதில்லை.

இதனால் தீராவிட்டால் மருந்துக் கடையில் பெர்மெத்ரின் போன்ற மருந்து கிடைக்கும். அதில் எழுதியுள்ள நேரமும் அளவும் மீறக்கூடாது. சில இடங்களில் பேன் இம்மருந்துகளுக்கு மசிவதில்லை. அப்போது மேலும் மேலும் பூசாமல் மருந்தாளரிடமோ டாக்டரிடமோ கேளுங்கள். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கேளாமல் எதுவும் பூசாதீர்கள்.

செய்யக்கூடாதவை

மளிகைக் கடை வைத்திருக்கும் எம்மிடம், பிள்ளையின் தலைக்கென்று கொசு மருந்து கேட்டு வருவோர் இன்றும் உண்டு. யாம் கொடுப்பதில்லை. அது தோல் வழியே உடம்பில் இறங்கும் விஷம். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அடுப்பருகே போனால் தலையே பற்றிக்கொள்ளும். பேனுக்குப் பயந்து பிள்ளையை இழந்துவிடக் கூடாது.

பெண் பிள்ளையின் தலையைப் பலவந்தமாக மழிப்பதும் வேண்டாம். முடி வளரும், மற்றப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு மனதைவிட்டுப் போகாது. பேனுக்காகப் பிள்ளையின் ஓதலையும் படிப்பையும் நிறுத்தாதீர்கள். சீப்பு, முக்காடு, தொப்பி ஆகியவற்றை ஒருவருக்கொருவர் மாற்றாமல் இருக்கக் கற்றுக்கொடுங்கள். பேன் கண்டால் உஸ்தாதிடம் தனியே சொல்லுங்கள். உஸ்தாதும் எந்தப் பிள்ளையின் பெயரையும் கூறாமல், இந்த வாரம் எல்லோரும் தலை பாருங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லிவிடுவது நலம்.

வாப்பாமார்களுக்கும் ஒரு வார்த்தை: இது உம்மாவின் வேலை என்று ஒதுங்காதீர்கள். இரண்டு வாரம், நான்கு மாலை. ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் பிள்ளை உங்கள் மடியருகே உட்கார்ந்திருக்கும். ஏச்சில்லாத அந்த நேரத்தில் பேனும் போகும். பள்ளியில் நடந்ததெல்லாம் பிள்ளை உங்களிடம் சொல்லும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு உடல் நலத்தையும், நமக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.