பல்கலைக்கழகத்திற் பிரெஞ்சு பயில்வோர்க்கு

எழுவைதீவு முதலாய தீவகத்து ஊர்களினின்று பிரான்சு சென்று வாழ்வோர் பலர். ஆதலின், பிரெஞ்சு இன்று நமக்கு அயன்மொழி மட்டுமன்று, உறவினர் மொழியுமாகும். களனி, புதுவைப் பல்கலைக்கழகங்களில் அதனைப் பாடமாகப் பயிலலாம். பயிலப் புகும் மாணாக்கர் சிலவற்றை முன்னரே அறிதல் நன்று.

தமிழில் ஆண்பால் பெண்பால் என்னும் பகுப்பு உயர்திணைக்கே உரியது. பிரெஞ்சிலோ உயிரில் பொருட்கும் அப்பகுப்பு உண்டு. ஞாயிறு ஆண்பால், 'லெ சொலேய்'. திங்கள் பெண்பால், 'லா லூன்'. நூல் ஆண்பால், மேசை பெண்பால். இதற்குப் பொருள் பற்றிய காரணந் தேடுதல் வீண். பெயரைத் தனித்து மனனஞ் செய்யாது, முன்னிற்கும் 'லெ', 'லா' என்பவற்றோடு சேர்த்தே கற்க.

முன்னிலையில் நமக்கு இடரில்லை. 'த்யூ' என்பது நீ. 'வூ' என்பது நீங்கள். ஆசிரியரை 'வூ' என்றே விளித்தல் முறை. ஆங்கிலவழிச் செல்லாது தமிழ்வழி நோக்கின் இவ்வேறுபாடு உடனே விளங்கும்.

இனி, பண்பாடு. புதுச்சேரியில் 1955இல் பிரெஞ்சு நிறுவனம் தோன்றிற்று. பிரான்சுவா குரோ பரிபாடலைப் பிரெஞ்சில் பெயர்த்து 1968இல் வெளியிட்டார். கரம்பொன் ஈன்ற தனிநாயகம் அடிகளார் முன்னின்று வளர்த்த உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1970இற் பாரிசில் நிகழ்ந்தது. பிரெஞ்சறிஞர் நம்மைப்பற்றி எழுதியவற்றை அவர் மொழியிலேயே கற்று, கொள்வன கொண்டு, மறுப்பன மறுக்க வல்லார் நமக்கு வேண்டும்.

பாரிசிற் பிறந்த பேரன், ஊர்காவற்றுறையிற் படகேறி ஆச்சியைக் காண வருகின்றான். இருவர்க்குமிடையே சொல் அற்றுப்போகாது காப்பவரும் இரு மொழியுங் கற்றவரே. ஆதலின், மாணாக்கரே, பிரெஞ்சைக் கற்குங்காற் தமிழை நெகிழவிடாதீர்.