பாடிச் செல்வோன் ஒருவன், நிற்போர் அறுவர்

நங்கல்லூரி விடுதியிற் கூடைப்பந்தாட்டத்தைக் குறித்து ஓர் இரவு எழுந்த வாதமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. அமெரிக்க நாட்டு ஜேம்ஸ் ஹார்டன் என்பார் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் குழுவில் ஆடிய காலத்து, தோழர் நால்வரையும் ஒருபுறம் ஒதுங்கி நிற்கச் செய்து, எதிர் காக்கும் ஒருவரோடு தனித்துப் பொருது பந்தைக் கூடையிலிடுவதையே பெருவழக்காகக் கொண்டிருந்தார். 2018-19-ஆம் பருவத்தில் ஆட்டம் ஒன்றுக்குச் சராசரி 36.1 புள்ளி ஈட்டினார். ஆயினும் அக்குழு அவர் காலத்தில் ஒருமுறையேனும் பட்டம் பெற்றிலது. தனித்தாடினமையால் அன்றோ தோற்றது என்றனர் ஒரு சாரார்; அவர் தனித்தாடியிராவிடின் அவ்வளவு தூரமும் வந்திராது என்றனர் மற்றொரு சாரார். வாதம் விளக்கணைக்கும் மணியோடு நின்றது. என் உள்ளத்தில் நிற்கவில்லை. கடற்கரையிற் பிறந்த எனக்குக் கூடைப்பந்தைக் காட்டிலும் சடுகுடு நன்கு தெரியும். கூடைப்பந்தில் தனித்துச் செல்லுதல் ஒருவன் விரும்பி மேற்கொள்வது. சடுகுடுவிலோ அஃது ஆட்டத்தின் விதி. ஆகவே இவ்வினாவை அங்கு வைத்து ஆராய்தல் தெளிவு தரும் எனக் கருதினேன். தமிழ்ப் பகுதிக்கு விளையாட்டா என நகைத்த நண்பர்கள் சிறிது பொறுப்பாராக, இலக்கணமும் வரும்.

ஆந்திர நாட்டிலிருந்து கடலோரமாய் வரும் பக்கிங்காம் கால்வாய் முடிவுறும் மரக்காணத்தை அடுத்தது எங்களூர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பர் ஆராய்ச்சியாளர். (அந்நூலாசிரியராகிய நல்லூர் நத்தத்தனார் எங்கள் சடுகுடுவைப் பாடாது போயினமை என் தீராக் குறை.) மழைத் திங்களில் உப்பளங்கள் நீரில் மூழ்கிவிடும்; பாத்தியும் வரப்பும் தெரியா; கூலியுமில்லை. அந்நாட்களில் ஆடவர் மாலைதோறும் மணற்றிட்டில் சடுகுடு ஆடுவர். பொங்கலையொட்டி ஊர்களுக்கிடையே போட்டி நிகழும். அதன் பரிசுத் தொகை வெளியார்க்குச் சிறிது; மூன்று திங்கள் கூலியிழந்த வீடுகளுக்குச் சிறிதன்று.

ஆட்டம் அறியாதார்க்கு ஒரு சொல். பக்கத்துக்கு எழுவர். ஒருவன் மூச்சடக்கிப் பாடிக்கொண்டு எதிர்ப்புறம் சென்று, இயன்றோரைத் தொட்டு மீளவேண்டும். போட்டி ஆட்டங்களில் அதற்கு 30 விநாடி. தொடப்பட்டோர் வெளியேறுவர், பிடிபடின் அவனே வெளியேறுவான். இனி வருவதே என் கட்டுரைக்கு உயிர். வெளியேறியவன் தானாக உள்ளே வரல் இயலாது. அவன் தோழருள் ஒருவன் எதிரியைத் தொட்டாலோ, எதிர்ப்பாட்டாளனை அனைவரும் கூடிப் பிடித்தாலோ, வெளியேறிய முறைப்படியே ஒருவன் மீண்டும் உள்ளே வருவான். எத்துணைப் பெரிய வீரனாயினும், கோட்டுக்கு வெளியே குந்தியிருக்கும்போது அவன் உயிர் பிறர் கையில்.

என் அண்ணன் நான்கு ஆண்டுகள் எங்களூர்க்கு ஒரே பாட்டாளனாய் இருந்தான். பெரும்பாலும் அவனே சென்றான். பெரும்பாலும் வென்றே வந்தான். மற்றவர்க்கும் அது வசதியாயிற்று. நான்காம் ஆண்டு இறுதி ஆட்டத்தில், முடிவுக்கு ஒன்பது நிமிடம் இருக்கையில் அவனை மூவர் கணுக்காலும் இடையும் பற்றி வீழ்த்தினர். அதன்பின் எம்மவர் நால்வர் மாறிமாறிப் பாடச் சென்றனர். சென்றது போலவே வெறுங்கையோடு மீண்டனர், சிலர் மீளவுமில்லை. அண்ணன் ஆட்டம் முடியுமட்டும் மணலில் அமர்ந்தே இருந்தான். பரிசுத் தொகையை நம்பி அளத்து முன்பணத்தை அடைத்துவிடலாம் என்று எங்கள் தாயார் எண்ணியிருந்தார்கள். அவ்வாண்டு அது அடைபடவில்லை.

மறுநாள் அளத்தில் உப்பை வரப்பிற்கு வாரிக்கொண்டிருந்த மாமா என்னிடம், “கடைசிப் பாத்தியில்தான் உப்பு வெளுக்கும், மாப்பிள்ளை. அதற்காக முதற் பாத்தியை வெயிலில் விடாமல் இருப்பாரா?” என்றார். உவர்நீரைப் பாத்தி பாத்தியாய் மாற்றிக் காயவைத்து, அது போமே அளவில் ஏறத்தாழ 25 பாகை உறைப்பு எய்திய பின்னரே உப்புப் படியும். காண்பார் கண்ணுக்கு விருந்தாவது கடைப்பாத்தி ஒன்றே.

நிற்க. தொல்காப்பியப் புறத்திணையியலில் தும்பைத் திணையை ஓதுமிடத்து, தனித்து நிற்கும் வீரனைக் குறித்து வேறு வேறான துறைகள் வகுக்கப்பட்டிருக்கக் காண்கிறோம். பகைவர் வேந்தனைச் சூழ்ந்தவழி, அவனைக் காக்க ஒருவன் மீண்டு வந்து தாக்குதல் தார்நிலை. தன் படை உடைந்தவழி, அதன் பின்புறத்தை ஒருவனே தாங்கி நிற்றல் பிறிதொன்று. புறப்பொருள் வெண்பாமாலையார் இதனை எருமை மறம் என்பர். இரண்டும் புகழத்தக்கனவே. ஆயினும் முன்னதில் மீட்கச் செல்வோனுக்குப் பின் ஒரு படை உண்டு. பின்னதில் படை இல்லை. ஒருவன் தனித்தாடுதல் குழுவுக்கு ஆக்கமோ கேடோ என வினவுவார், அவன் நிற்கும் துறை யாதென முதலில் வினவவேண்டும் என்பதே என் கருத்து.

இதற்குச் சான்று நம் காலத்திலேயே உண்டு. 2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக்கில் தமிழ் தலைவாஸ் குழு 2017-இற் சேர்ந்தது. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் அதன் தலைவர் அஜய் தாக்கூர் பருவந்தோறும் 200-க்கு மேற்பட்ட புள்ளி ஈட்டினார். இரு பருவத்தும் குழு தன் பிரிவில் கடைசியாக நின்றது. எருமை மறத்துக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

பின்னர் 2022-இல் அக்குழு பவன் செராவத் என்பாரை 2 கோடியே 26 இலட்ச ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. அந்நாள்வரை அவ்விலைக்கு ஒருவரும் போனதில்லை. விலைக்குக் காரணமும் உண்டு. 2019 சனவரி 5-ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் அவர் ஒருவரே 22 புள்ளி எடுத்துப் பெங்களூரு புல்ஸ் குழுவுக்குப் பட்டம் ஈட்டித் தந்தவர். அதே ஆண்டு அக்டோபரில் ஒரே ஆட்டத்தில் 39 புள்ளி எடுத்தவர். ஆனால் தலைவாஸின் முதல் ஆட்டத்தின் முதற்பாதியிலேயே முழங்காலிற் காயமுற்றார். அப்பருவம் முழுதும் ஆடிலர். எங்களூரில் அன்றிரவு தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சென்றோர் பலர். யானும் அவருள் ஒருவன்.

சென்றோர் அனைவரும் பிழை செய்தோம். நரேந்தர் என்னும் புதிய இளைஞர் பாடும் பொறுப்பை ஏற்று 240-க்கு மேற்பட்ட புள்ளி எடுத்தார். அஜிங்க்யா பவார் துணைநின்றார். இடையிற் பயிற்சியாளரும் மாறி, ஆஷன் குமார் வந்தார். சாகர் தலைமையிற் பிடிப்போர் வரிசை உறுதியாயிருந்தது. குழு வரலாற்றில் முதன்முறையாக மேற்சுற்றுக்குச் சென்றது. அங்கு உ.பி. யோதாஸ் குழுவோடு 36-36 எனச் சமனாகி, சமன்முறி ஆட்டத்தில் 6-4 என வென்று அரையிறுதி எய்தியது. எதிர்க்குழுவில் இருந்தவர் அவ்விளையாட்டின் பெரும்புகழாளராகிய பிரதீப் நர்வால். அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 39-37 எனத் தலைவாஸ் தோற்றது.

அற்றேல், விண்மீன் போல்வார் இல்லாதிருப்பதே நன்றோ எனின், அன்று. அப்பிடிப்போர் வரிசை பவனுக்கு முன்னரே அமைந்தது. வெளியேறிய பாட்டாளனை அவர்கள் விரைவில் உள்ளே கொணர்ந்தனர். கொணர்ந்தமையால் நரேந்தர் அஞ்சாது சென்றார். பவனும் உடனிருந்திருப்பின் அவ்விரு புள்ளியும் கிட்டியிருக்கக் கூடும். மறுதலையாக, அடுத்த பருவத்தில் தெலுகு டைட்டன்ஸ் குழு அவரை 2 கோடியே 60 இலட்சத்துக்கும் மேல் கொடுத்து வாங்கியது. அவர் அங்கும் 200 புள்ளி கடந்தார். குழுவோ 22 ஆட்டங்களில் இரண்டே வென்று கடைசியாயிற்று. ஒரே மனிதர், பெங்களூருவில் தார்நிலை, ஐதராபாத்தில் எருமை மறம். வேறுபட்டது அவர் ஆட்டமன்று, அவர் பின்னே நின்ற அறுவர்.

இயற்பியலறிஞர் பிரயன் ஸ்கின்னர் 2010-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, கூடைப்பந்தாட்டத்தைச் சாலைப் போக்குவரத்தோடு ஒப்பிடுகிறது. விரைவான சாலையென்று எல்லா வண்டியும் அதிற் புகின் அச்சாலையே மந்தமாகும். அதுபோல் சிறந்தவனிடமே எப்போதும் பந்தைக் கொடுப்பின் அவன் திறமே குறையும். அளவுக்கு மேற்படாது, அவனினும் தாழ்ந்தவர்க்கும் பந்தைப் பகிர்தலே மொத்தப் புள்ளியை உயர்த்தும் என்பது அவர் காட்டும் கணக்கு. எங்கள் கடற்கரைச் சாலையில் விடுமுறை நாளிற் பேருந்தேறியோர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. சடுகுடுவில் இஃது இன்னுங் கொடிது. எவன் வருவான் என்பது தெரிந்தால் எதிரிகள் எழுவரும் அவன் வலக்காலை நோக்கியே நிற்பர். அண்ணன் கணுக்காலை அன்று பற்றியவன் அவ்வாண்டு முழுதும் அதனையே பயின்றதாகப் பின்னர் அவனிடமே கூறினானாம்.

ஒன்று மட்டும் விடுதி நண்பர்க்குச் சொல்லவேண்டும். தனித்தாடுவோனைச் செருக்குடையோன் எனல் எளிது. என் அண்ணன் செருக்கினாற் சென்றானல்லன். மற்றவர் கண்கள் அவனையே நோக்கியமையாற் சென்றான். பிழை ஏதேனும் உண்டாயின் அது ஏழு பங்காகப் பிரிக்கத்தக்கது.

சென்ற பொங்கற் போட்டியில் அண்ணன் மூன்று முறைக்கு ஒரு முறையே பாடச் சென்றான். ஏனைய வேளை மூலையில் நின்று பிடித்தான். ஆட்டத்தின் நடுவே பிடிபட்டு வெளியே அமர்ந்தான். அப்போது பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன், அவ்வாண்டே முதன்முதல் அளத்தில் இறங்கியவன், கோட்டைத் தாண்டிப் பாடிச் சென்றான். குரல் நடுங்கியது எனக்குக் கேட்டது. மீளுங்கால் பின்னங்காலை நீட்டி ஓரத்தில் நின்றவன் முழங்காலைத் தீண்டிவிட்டுக் கோட்டின்மேல் விழுந்தான். நடுவர் கையை உயர்த்தினார். அண்ணன் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து உள்ளே ஓடினான். அவ்வாட்டத்தில் மூன்று புள்ளியில் தோற்றோம்.