அறிந்தோம், ஆனால் சென்றோமா?

எங்கள் ஊரில் ஒருவர் மௌத்தானால் முன்பெல்லாம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில்தான் அறிவிப்பார்கள். அது கேட்டதும் உம்மா அடுப்பை அணைத்துவிட்டு மையித்து வீட்டுக்குப் புறப்படுவார். இப்போது ஒலிபெருக்கிக்கு முன்பே வாட்ஸ்அப் குழுமத்தில் செய்தி வந்துவிடுகிறது. சமூக ஊடகங்கள் எமது உறவுகளை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை இந்தச் சிறு மாற்றத்திலிருந்தே நாம் ஆராயலாம்.

முதலில் நன்மையைச் சொல்ல வேண்டும். வாப்பா கட்டாரில் தொழில் புரிகிறார். அவருடைய உம்மா வபாத்தானபோது ஜனாஸா நல்லடக்கத்துக்கு முன் அவரால் வந்துசேர முடியவில்லை. காணொளி அழைப்பில்தான் கடைசியாக முகம் பார்த்தார். அங்கிருந்தே துஆச் செய்தார். அன்று அந்தக் கைத்தொலைபேசி இல்லாவிட்டால் அதுவும் கிடைத்திராது. வர முடியாதவருக்குச் சமூக ஊடகம் ஒரு பாலம்.

ஆனால் வர முடிந்தவருக்கு? கடந்த வருடம் என்னோடு மேலதிக வகுப்பில் படிக்கும் தோழியின் உம்மம்மா மௌத்தானார். அவள் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். செய்தியைக் கண்டதும் குழுமத்தில் துஆ ஒன்றைத் தட்டச்சுச் செய்தேன். எனக்கு முன்பும் பின்பும் பலர் அதையே அனுப்பியிருந்தார்கள். கடமை முடிந்தது என்று நினைத்துப் புத்தகத்தை எடுத்தேன். மூன்று நாட்களின் பின் உம்மாவோடு அங்கு சென்றபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மெசேஜ் பாத்தேன். நீ வருவாய் எண்டு பாத்துட்டு இருந்தேன்." எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

என் தவறு எங்கே என்று பிறகு யோசித்தேன். ஒரு வரியை அனுப்பியதும் ஏதோ செய்துவிட்ட திருப்தி மனதில் வந்துவிடுகிறது. அந்தத் திருப்திதான் காலைக் கட்டிப்போடுகிறது.

நேரில் பழகும் வழக்கம் குறைந்தால் ஆபத்தும் உண்டு. 2018ஆம் ஆண்டு பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாக வதந்தி பரவியது. பரிசோதித்தபோது அது வெறும் மாவுக் கட்டி என்று தெரியவந்தது. ஆனால் அதற்குள் பொய் சமூக ஊடகங்களில் ஊரூராகச் சென்றுவிட்டது. மார்ச்சில் கண்டி, திகன பகுதிகளில் வன்முறை வெடித்தபோது அரசாங்கம் முகநூல், வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றைச் சுமார் ஒரு வாரம் முடக்கியது. தமது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதையும் அதன் விளைவுகளையும் ஏற்று முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரியது. பக்கத்து வீட்டாரை முகம் பார்த்து அறிந்தவர் அவரைப் பற்றிய வதந்தியை இலகுவில் நம்பமாட்டார். திரையில் மட்டும் அறிந்தவருக்கோ எதையும் நம்பலாம்.

ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு அல்லது குழுமங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் 2019இல் உலகெங்கும் கட்டுப்பாடு விதித்தது. பலமுறை கைமாறி வந்த செய்திகளை 2020 முதல் ஒரு தடவைக்கு ஓரிடத்துக்கே அனுப்பலாம். அவற்றில் இரட்டை அம்புக்குறி காணப்படும். அதைக் கண்டால் நாம் சற்று நிற்க வேண்டும். கிடைக்கும் செய்தியை விசாரித்துத் தெளிவு பெறுமாறு அல்குர்ஆனின் சூரா அல்-ஹுஜுராத்தும் எமக்குப் போதிக்கிறது.

ஆகவே அன்புச் சகோதரிகளே, பெற்றோர்களே, கைத்தொலைபேசியை வீசிவிடும்படி நான் கூறவில்லை. அது செய்தியைக் கொண்டு வரட்டும். அதன்பின் நாம் எழுந்து செல்வோம். நோயாளியிடம், மையித்து வீட்டுக்கு, வேற்று மத அயலவரின் வாசலுக்கு நம் கால்கள் போகட்டும். இப்போதெல்லாம் குழுமத்தில் மௌத்துச் செய்தி வந்தால் நான் முதலில் முக்காட்டைத்தான் தேடுகிறேன். பதிலைத் திரும்பி வந்தும் எழுதலாம்.