அப்டேட் போட்ட பிறகு லேப்டாப் திணறுதா? முதல்ல இதைப் பாருங்க!

"என்ன கண்ணு, மாவு மில்லு மாதிரி இரையுது?"

ராசிபுரத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வருமானச் சான்றிதழுக்கு மகள் விண்ணப்பிக்க வேண்டும். ஸ்கேன் நகல்கள் எல்லாம் பழைய விலையில்லா மடிக்கணினியில் இருக்கின்றன. ராத்திரி அப்டேட் போட்டாள். காலையில் ஃபேன் ஓயவில்லை, மவுஸ் நகரவே யோசிக்கிறது.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டத்தில், விண்டோஸுடன் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் சேர்த்து மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கே இந்தப் பாடம்.

குற்றவாளி யார்?

சிஸ்டம் மானிட்டரைத் திறந்தால், பிராசசரை அதிகம் தின்பவர் பட்டியலில் முதலில் 'எக்ஸ்ஆர்க்' என்று நிற்கும். திரையில் தெரியும் ஜன்னல், எழுத்து, மவுஸ் அம்பு எல்லாவற்றையும் வரைந்து காட்டும் டிஸ்ப்ளே சர்வர் அது. மற்ற புரோகிராம்கள் "வரை, வரை" என்று நச்சரித்தால் அதுதான் ஓடியாடி வரையும். அதனால் பட்டியலில் முதலில் நிற்பவர் வேலை செய்பவர். தப்பு செய்தவர் வேறு யாராகவும் இருக்கலாம்.

அவசரப்பட்டு எக்ஸ்ஆர்க்கை 'கில்' செய்யாதீங்க! திறந்திருக்கும் எல்லாமே மூடிவிடும். பாதி நிரப்பிய விண்ணப்பமும் போயிரும்.

வரிசையாகச் செய்யுங்க

1. வேலையைச் சேமியுங்கள். ஸ்கேன் நகல்களைப் பென்டிரைவில் ஒரு பிரதி எடுங்கள்.

2. ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்டேட்டுக்குப் பின் பழைய பாகமும் புதிய பாகமும் கலந்து ஓடினாலும் திணறும்.

3. எதையும் தொடாமல் சில நிமிடம் கவனியுங்கள். சும்மா இருக்கும்போது எக்ஸ்ஆர்க் சில சதவீதத்துக்குள்தான் இருக்க வேண்டும்.

4. அப்படியும் இறங்கவில்லையா? புரோகிராம்களை ஒவ்வொன்றாக மூடுங்கள், பிரவுசரில் தொடங்குங்கள். எதை மூடியதும் சதவீதம் இறங்குகிறதோ, சந்தேகம் அதன் மேல்தான். அசையும் விளம்பரம் உள்ள ஒரு டேப்கூட போதும்.

5. டெஸ்க்டாப் எஃபெக்ட்ஸை நிறுத்திப் பாருங்கள்.

6. செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தில் கிராஃபிக்ஸ் என்ற வரியைப் பாருங்கள். 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால், கிராஃபிக்ஸ் சிப்பின் டிரைவர் ஏறவில்லை. அது செய்ய வேண்டிய வேலையும் பிராசசர் தலையில் விழுகிறது என்று அர்த்தம்.

7. அப்போது மறுபடி ரீஸ்டார்ட் செய்து, தொடக்க மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், முந்தைய எண்ணுள்ள கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் சரியாக ஓடினால் கோளாறு புதிய கெர்னலில்தான். அடுத்த அப்டேட் வரும்வரை பழையதிலேயே ஓட்டுங்கள், அதை அழித்துவிடாதீர்கள்.

இதையும் மறக்காதீங்க

ஒருமுறை தொல்லை வந்தது என்று அப்டேட்டையே நிறுத்திவிட வேண்டாம். பாதுகாப்புத் திருத்தங்களும் அதில்தான் வருகின்றன. "சரி பண்ணித் தர்றேன்" என்று போனில் பேசும் முன்பின் தெரியாதவரிடம் ஓடிபி சொல்லாதீங்க, கணினியை இயக்கும் அனுமதியும் தராதீங்க.

கடைசித் தேதி நெருங்கிவிட்டதா? லேப்டாப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். பென்டிரைவையும் அசல் ஆவணங்களையும் எடுத்துக்கொண்டு பக்கத்து இ-சேவை மையத்துக்குப் போங்கள். இல்லையென்றால் கைபேசியிலேயே இ-சேவை தளத்தில் நுழைந்து விண்ணப்பியுங்கள். சான்றிதழ் கைக்கு வரட்டும். லேப்டாப்பை ஞாயிற்றுக்கிழமை பொறுமையாகப் பார்த்துக்கலாம்.